தலையில் கட்டிய நீரும் கேமரா ஆபரேஷனும்: எண்டோஸ்கோப்பி எந்தக் குழந்தைக்கு, ஏன்

பட்டர்வொர்த்திலோ செந்தூலிலோ ஒரு வீட்டில் கைக்குழந்தைக்குத் "தலையில தண்ணி கோத்திருக்கு" என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும், அன்று இருட்டுவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனைகள் குவிந்துவிடும். ஓட்டை போட்டுத் தண்ணியை வெளியே எடுத்துவிட்டால் தீர்ந்தது என்பார் ஒரு சித்தி. டியூப் வைக்க மட்டும் சம்மதிக்காதே, அது பழைய முறை, இப்போதெல்லாம் கேமராவை உள்ளே விட்டுச் செய்கிறார்கள், அதையே கேள் என்று ஒரு மாமா தனியாகவே செய்தி அனுப்புவார். சித்தி சொல்வது தவறு. மாமா சொல்வது பாதி சரி, அதனால்தான் அது அதிகம் குழப்புகிறது. கேமரா ஆபரேஷன் உண்மையிலேயே இருக்கிறது, நல்ல பலனும் தருகிறது, ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தாது. பொருந்தாமல் போவதற்கான முக்கியக் காரணம் குழந்தையின் தலைக்குள்ளேயே இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் எங்கே ஊறுகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே வடிகிறது என்று தெரிந்தால் போதும்.

## தண்ணீர் இருப்பதே நோய் இல்லை

மூளைக்கு உள்ளேயும் சுற்றியும் நீர் இருப்பது இயல்பு. உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது. தெளிந்த, நிறமில்லாத இந்த நீருக்கு மூளைத் தண்டுவடத் திரவம் என்று பெயர். சுமார் 1,400 கிராம் எடையுள்ள பெரியவரின் மூளை அதில் மிதப்பதால் 50 கிராம் அளவுக்குத்தான் கனக்கிறது. இல்லாவிட்டால் தன் பாரத்தில் தானே நசுங்கும்.

பெரியவர் ஒருவரிடம் தலை, முதுகுத்தண்டு எல்லாம் சேர்த்து ஒரு நேரத்தில் சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும். ஆனால் ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லிலிட்டர். பழையது வடிந்து புதியது வந்து, ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் நீர் மாறிவிடுகிறது. பிறந்த குழந்தையிடம் இருப்பது சுமார் 50 மில்லிலிட்டர்தான், சுரப்பும் குறைவு, ஆனால் ஏற்பாடு அதேதான். சித்தியின் யோசனை இங்கேயே விழுந்துவிடுகிறது: இன்றைக்கு எடுத்தால் நாளைக்குள் ஊறிவிடும்.

மூளைக்குள் நான்கு அறைகள் இருக்கின்றன. வெண்ட்ரிக்கிள் என்பார்கள். இடமும் வலமுமாக இரண்டு பெரியவை, நடுவில் மூன்றாவது, அதற்குக் கீழே பின்பக்கமாக நான்காவது. இவற்றுக்குள் இருக்கும் கோராய்டு பின்னல் என்ற, ரத்தக்குழாய்கள் நிறைந்த திசுதான் பெரும்பாலான நீரைச் சுரக்கிறது. நீர் பக்க அறைகளிலிருந்து மூன்றாவது அறைக்கு இறங்கி, மிகக் குறுகலான ஒரு கால்வாய் வழியாக நான்காவது அறைக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு வெளியே வந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, கடைசியில் ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

இதை ஒரு தாமான் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு குழாய் எந்நேரமும் திறந்தே இருக்கிறது. தண்ணீர் அறை அறையாக வந்து, பின்சுவரில் உள்ள சின்ன பைப் வழியாக வெளியே லோங்காங்கில், அதாவது தெருவோர வடிகாலில், விழுகிறது, லோங்காங் பெரிய ஆற்றில் சேர்கிறது. அறைகள்தான் வெண்ட்ரிக்கிள்கள். பின்சுவர் பைப்தான் மூன்றாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் நடுவில் உள்ள குறுகிய கால்வாய். லோங்காங் என்பது மூளைக்கு வெளியே நீர் ஓடும் இடைவெளி, ஆறு என்பது ரத்தம். மீதிக் கதை முழுக்க இந்த வீட்டிலேயே நடக்கும்.

## அடைப்பு வீட்டுக்குள்ளா, லோங்காங்கிலா?

நீர் வடிய முடியாமல் தேங்கி, அறைகள் உப்பி, மூளையை உள்ளிருந்து மண்டையோட்டை நோக்கி நெருக்கும் நிலைதான் ஹைட்ரோசெஃபலஸ். ஸ்கேன் படத்தில் நடுவில் பெரிய கறுப்பும் ஓரத்தில் மெல்லிய விளிம்பும் தெரிவதைப் பார்த்துவிட்டு, மூளை கரைந்து தண்ணீராகிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கரையவில்லை, ஒடுங்கியிருக்கிறது. நெருக்கம் தளர்ந்தால் கைக்குழந்தையின் மூளை மறுபடி நன்றாகவே விரிய முடியும். ஆனால் நீண்ட நாள் நெருங்கிக் கிடந்தால் சேதம் தங்கிவிடும், அதனால்தான் டாக்டர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

இதில் இரண்டு வகை. பைப் அடைத்துக்கொள்வது ஒன்று: நீர் வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாது. இதைத் தடை வகை என்று வைத்துக்கொள்வோம். பைப் திறந்திருந்தும் லோங்காங்கில் மண்ணேறி நீர் ஆற்றில் சேராதது இன்னொன்று: இது வடிகால் வகை. 1914-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்ட்டர் டேண்டியும் கென்னத் பிளாக்ஃபேனும் இந்த வேறுபாட்டை வெளியிட்டார்கள். மூளை அறைக்குள் சாயத்தைச் செலுத்தி, அது முதுகுத்தண்டு நீரில் வந்து சேர்கிறதா என்று பார்த்தார்கள். வந்தால் பைப் திறந்திருக்கிறது, வராவிட்டால் அடைப்பு. இன்று எம்.ஆர்.ஐ. அதைப் படமாகவே காட்டிவிடுகிறது.

பைப் அடைவதற்குக் காரணங்கள்: அந்தக் கால்வாய் பிறவியிலேயே சுருங்கியிருக்கலாம், அல்லது பக்கத்தில் ஒரு கட்டி வளர்ந்து அழுத்தலாம். லோங்காங் கெடுவது பெரும்பாலும் மூளைக்காய்ச்சலாலும் ரத்தக்கசிவாலும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூளை அறைகளுக்குள் ரத்தம் கசிவதுண்டு, அந்த ரத்தம் போகிற வழியெல்லாம் தழும்பாக்கிவிட்டுப் போகும். முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் இந்த நிலை அடிக்கடி வருகிறது. பல குழந்தைகளிடம் இரண்டு வகையும் கலந்தே இருக்கும் என்பதுதான் உண்மை. புத்தகப் பிரிவினையை உடம்பு மதிப்பதில்லை.

அம்மா கர்ப்பத்தில் ஐஸ் தண்ணீர் குடித்தது, கிரகணத்தன்று வெளியே வந்தது, தலைக்கு ஊற்றிய நீர் உள்ளே இறங்கியது, இவை எதுவும் காரணமில்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான், ஆனால் பல அம்மாக்கள் இன்னும் இந்தப் பழியைச் சுமக்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: நீர் சுரந்துகொண்டே இருக்கும், கோளாறு வடிவதில்தான். அடைப்பு வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

## உச்சிக்குழி சொல்லும் சேதி

கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்று சேர்ந்திருக்காது. அதனால் உள்ளே அழுத்தம் ஏறினால் தலை பெரிதாகும். பிறக்கும்போது தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும், முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. கூடும், பிறகு வேகம் குறைந்து, முதல் பிறந்தநாளில் 47 செ.மீ.க்குப் பக்கத்தில் நிற்கும். அரசாங்க கிளினிக்கில் மிஸி டேப்பைச் சுற்றி அளந்து, பதிவுப் புத்தகத்தில் புள்ளி வைப்பது இதற்காகத்தான். ஒரு புள்ளியை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பெரிய தலை என்றால் பிள்ளைக்கும் அப்படியே இருக்கலாம். புள்ளிகள் கோடு விட்டுக் கோடு தாண்டி மேலே ஏறினால்தான் கவலை.

குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி மேடாகப் புடைத்திருப்பது, நெற்றியில் ரத்தநாளங்கள் தடித்துத் தெரிவது, கருவிழிகள் கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, காரணமில்லாத வாந்தி, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும். எண்ணெய் வைத்துத் தலையை உருவிவிட்டால் சரியாகும் என்று பாட்டி சொன்னால், பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்டையோடு மூடிய பெரிய பிள்ளைகளுக்குத் தலை வளராது. காலையில் எழும்போது தலைவலி, வாந்தி, நடையில் தடுமாற்றம், படிப்பில் திடீர்ச் சரிவு என்று வரும்.

## டியூப் என்பது என்ன

ஷன்ட் என்பது மெல்லிய சிலிக்கோன் குழாய். ஒரு முனை மூளை அறையில், மறுமுனை பெரும்பாலும் வயிற்றுக்குள், நடுவில் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு வால்வு. நம் வீட்டுக் கணக்கில், லோங்காங்கை நம்பாமல் அறையிலிருந்து நேராக வேறு இடத்துக்கு ஹோஸ் போடுவது. அதனால்தான் இரண்டு வகைக்கும் இது வேலை செய்கிறது. வயிற்றுக்குள் இறங்கும் நீரை உடம்பு தானே உறிஞ்சிக்கொள்ளும், வெளியே பை எதுவும் தொங்காது.

1950-களில் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற தொழில்நுட்பப் பணியாளர், இந்த நோயோடு பிறந்த தன் மகனுக்காக உட்கார்ந்து வடிவமைத்த சிலிக்கோன் வால்வுதான் ஷன்டைப் பரவலாக்கியது. அதற்கு முன் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வழியே இருக்கவில்லை. இன்று வாட்ஸ்அப்பில் டியூபைத் திட்டுகிறவர்கள் அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் குறையும் உண்டு, சின்னக் குறையில்லை. குழாய் அடைத்துக்கொள்ளும், விலகும், கிருமி தொற்றும், சில சமயம் தேவைக்கு மேல் நீரை இழுத்துவிடும். குழந்தைகளுக்கு வைக்கப்படும் ஷன்டுகளில் ஏறக்குறைய பாதி, இரண்டு ஆண்டுகளுக்குள் ஏதோ ஒரு கோளாறால் மறு ஆபரேஷனுக்கு வருகின்றன. எண்டோஸ்கோப்பி மேல் எல்லாருக்கும் ஆசை வருவது இதனால்தான்.

## கேமரா உள்ளே போய் என்ன செய்கிறது

இதன் முழுப்பெயர் எண்டோஸ்கோப்பிக் தேர்ட் வெண்ட்ரிக்குலோஸ்டமி. சுருக்கமாக ஈ.டி.வி. வீட்டின் பைப் அடைத்திருக்கிறது, அதைக் குத்தித் திறப்பது ஆபத்து. ஆனால் மூன்றாவது அறையின் தரை மெல்லியது, அதற்கு நேர் கீழேயே லோங்காங் ஓடுகிறது. தரையில் ஒரு துளை போட்டால் நீர் பைப்பைச் சுற்றிக்கொண்டு லோங்காங்குக்குப் போய்விடும். ஈ.டி.வி. செய்வது இவ்வளவுதான். நீரை உடம்புக்கு வெளியே எடுப்பதில்லை, சுரப்பைக் குறைப்பதில்லை, குழாய் எதையும் உள்ளே விட்டுவருவதும் இல்லை.

முழு மயக்கம் கொடுத்து, முன்தலையில் முடிக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால், பெரும்பாலும் வலப்பக்கம், மண்டையோட்டில் ஒரு சிறு துளை போடுவார்கள். கைக்குழந்தையாக இருந்தால் திறந்திருக்கும் உச்சிக்குழியின் ஓரமே வாசலாகிவிடும். அதன் வழியாக எண்டோஸ்கோப், அதாவது விளக்கும் கேமராவும் சின்னக் கருவிகள் நுழையும் வழியும் கொண்ட, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல், மூளைத்திசுவைக் கடந்து பக்க அறைக்குள் இறங்கும். மூளையையே தொடாத ஆபரேஷன் என்று சொல்வது பொய். தொடுகிறது, ஆனால் கடப்பது சின்னப் பாதை. உள்ளே போனதும் எல்லாம் தண்ணீருக்குள் திரையில் தெரியும். நோயால் அறைகள் உப்பியிருப்பது இங்கே மட்டும் டாக்டருக்கு வசதி: குழலைத் திருப்ப இடம் கிடைக்கிறது.

பக்க அறையிலிருந்து மூன்றாவது அறைக்குள் ஒரு வட்ட வாசல் வழியாக நுழைகிறார்கள். அதன் விளிம்பில் ஃபோர்னிக்ஸ் என்ற, நினைவாற்றலோடு தொடர்புள்ள நரம்புக்கற்றை ஓடுகிறது, குழல் அதில் இடிக்கக் கூடாது. தரைக்கு வந்தால், பின்பக்கம் இரண்டு சின்ன வெள்ளை முண்டுகள் தெரியும், முன்பக்கம் பிட்யூட்டரிச் சுரப்பிக்குப் போகும் பள்ளம். இரண்டுக்கும் நடுவில்தான் துளை. முனை மழுங்கிய கருவியால் தரையைத் துளைத்து, சின்ன பலூனை உள்ளே விட்டு ஊதி, சுமார் 5 மில்லிமீட்டருக்கு விரிப்பார்கள். அந்தத் தரைக்குக் கீழேதான் மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் பேசிலார் தமனி துடித்துக்கொண்டிருக்கிறது. அது காயப்பட்டால் உயிருக்கே ஆபத்து, அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் சம்மதப் படிவத்தில் அது இருக்கும்போது டாக்டர் பயமுறுத்துகிறார் என்று நினைக்க வேண்டாம். நீர் கசிவு, தொற்று, வலிப்பு, சில நாள் அடங்காத தாகமும் சிறுநீரும், இவையும் அந்தப் பட்டியலில் வரும். துளை சரியாக விழுந்தால் தரை விளிம்பு இதயத்துடிப்போடு சேர்ந்து படபடவென அசையும். திரையில் அதைப் பார்த்ததும் நீர் ஓட ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

மாமா இதைப் புதிய முறை என்கிறார். 1923-இல் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர் இதை ஒரு குழந்தைக்குச் செய்தார், அதுவும் சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் கருவியை வைத்து. வால்வு வைத்த இன்றைய டியூபுக்கு வயதில் இதுதான் அண்ணன். அன்று வெளிச்சமும் லென்சும் போதவில்லை, பிறகு ஷன்ட் வந்ததும் இதை ஓரங்கட்டிவிட்டார்கள். நல்ல லென்சுகள் வந்தபின் 1990-களில் மறுபடி எழுந்தது.

சுருக்கமாக: ஷன்ட் நீரை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஈ.டி.வி. அதே லோங்காங்குக்குக் குறுக்குவழி திறக்கிறது. அப்படியானால் லோங்காங் நன்றாக இருக்க வேண்டும், இல்லையா? எல்லாச் சிக்கலும் அங்கேதான்.

## யாருக்குப் பலிக்கும்

லோங்காங்கே அடைத்திருக்கும் வீட்டில் தரையை எத்தனை தடவை துளைத்தாலும் பிரயோஜனம் குறைவு. மூளைக்காய்ச்சலுக்குப் பின் வரும் நீர்த்தேக்கத்தில் ஈ.டி.வி. அடிக்கடி தோற்பது இதனால்தான். அப்புறம் வயது. சில மாதக் குழந்தைகளிடம் நீரை உறிஞ்சும் ஏற்பாடு முதிர்ந்திருக்காது என்று கருதப்படுகிறது, போட்ட துளையும் சீக்கிரம் தழும்பேறி மூடிக்கொள்ளும்.

இதை ஊகமாக விடாமல், கனடாவின் அபய குல்கர்னியும் சக ஆய்வாளர்களும் 2009-இல் ஒரு மதிப்பெண் முறை தந்தார்கள். வயது, காரணம், ஏற்கெனவே ஷன்ட் இருந்ததா, இந்த மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், ஆறு மாதம் வரை துளை வேலை செய்ய எத்தனை சதவீத வாய்ப்பு என்று ஏறத்தாழ வரும். இரண்டு வயதுப் பிள்ளை, பிறவியில் கால்வாய் சுருங்கியிருக்கிறது, ஷன்ட் வைத்ததில்லை: வயதுக்கு 40, காரணத்துக்கு 30, ஷன்ட் இல்லாததற்கு 10, ஆக 80. ஒரு மாதம்கூட ஆகாத சிசு, மூளைக்காய்ச்சலுக்குப் பின் வந்த நீர்: 0, 0, 10, ஆக வெறும் 10. இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர், ஒரே கருவி. ஒருவர் பிள்ளைக்குச் செய்தார்கள், எங்கள் பிள்ளைக்கு ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் பதில்.

ஆகவே கோலாலம்பூர் மருத்துவமனையிலோ பினாங்கு மருத்துவமனையிலோ நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்க்கும்போது, "கேமரா ஆபரேஷன் செய்வீங்களா?" என்று கேட்பதைவிட, "அடைப்பு எங்க இருக்கு டாக்டர்? இவன் வயசுக்கு ஈ.டி.வி. பலிக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். ரொம்பச் சிறிய குறைமாதக் குழந்தை என்றால் இரண்டையுமே தள்ளிவைத்து, தோலுக்கு அடியில் சின்னக் கிண்ணம் போன்ற ஒன்றைப் பொருத்தி, அவ்வப்போது ஊசியால் நீர் எடுத்து, எடை ஏறும்வரை காத்திருப்பதும் உண்டு.

## நீர் சுரக்கும் குழாயையே கொஞ்சம் அடைத்தால்?

நம் வீட்டில் எந்நேரமும் திறந்திருக்கும் குழாய், நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னல். அதையே சுட்டுவிட்டால் என்ன என்று 1910-இலேயே சிகாகோவில் விக்டர் லெஸ்பினாஸ் முயன்றிருக்கிறார், அவர் சிறுநீரக இயல் மருத்துவர். பெரிதாகப் பலிக்கவில்லை. அந்த யோசனைக்கு மறுவாழ்வு கிடைத்தது உகாண்டாவின் எம்பாலே நகரில். அங்கே தொற்றுக்குப் பின் வரும் நீர்த்தேக்கம் அதிகம், கிராமத்துக் குழந்தையின் ஷன்ட் நள்ளிரவில் அடைத்தால் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்வதே பெரும்பாடு. பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க மருத்துவர் ஈ.டி.வி.யோடு பின்னலைச் சுடுவதையும் சேர்த்துச் செய்தார். 2005-இல் அவர் வெளியிட்டபடி, ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில் துளை மட்டும் போட்டதில் 47 சதவீதமும், சேர்த்துச் செய்ததில் 66 சதவீதமும் வெற்றி.

அப்படியானால் டியூபை ஒழித்துவிடலாமா? அதே உகாண்டாவில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட 100 குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஷன்ட், மறு குழுவுக்கு எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். முடிவு 2017-இல் வந்தது: ஓராண்டுக்குப் பின் அறிவு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே ஷன்ட் வைத்த பிள்ளைக்கு மட்டமான வைத்தியம் கிடைத்தது என்று எந்த அப்பா அம்மாவும் மனம் குமைய வேண்டியதில்லை.

## வீட்டுக்கு வந்த பிறகு

ஈ.டி.வி.க்குப் பின் எடுக்கும் ஸ்கேனில் அறைகள் இன்னும் பெரிதாகவே தெரிந்தால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஷன்ட் வைத்தால் அறைகள் சுருங்குவதுபோல் இதில் சுருங்காது, மெதுவாக, ஓரளவுக்குத்தான் குறையும். பிள்ளை எப்படி இருக்கிறான், உச்சிக்குழி தாழ்ந்திருக்கிறதா, தலைச்சுற்றளவு பழைய வேகத்துக்குத் திரும்பியதா, இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெரிதான தலை சுருங்கிப் பழைய அளவுக்கு வராது. வளர்ச்சி வேகம் அடங்கினால், உடம்பு வளர வளரத் தலை அதற்குப் பொருந்திவரும்.

துளை மூடிக்கொள்வதென்றால் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் மூடும். ஆனால் ஆண்டுகள் கழித்தும் அபூர்வமாக மூடியிருக்கிறது, அப்போது நிலைமை மணிக்கணக்கில் மோசமாகலாம். டியூப் இல்லாததால் பிள்ளை குணமாகிவிட்டான் என்று செக்-அப்பை நிறுத்திவிடுவதுதான் நான் பார்த்தவரையில் அதிகம் நடக்கும் தவறு. தலைவலியோடு வாந்தி, மயக்கமான தூக்கம், பார்வை மங்கல் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

தீபாவளிக்குக் கெடாவுக்கோ ஜொகூருக்கோ ஊருக்குப் போயிருக்கும்போது இது வந்தால், அங்குள்ள டாக்டருக்கு உங்கள் பிள்ளையின் தலைக்குள் ஒரு துளை இருப்பது தெரியாது. தடவிப்பார்க்க வால்வும் இருக்காது, எக்ஸ்ரேயில் குழாயும் தெரியாது. டிஸ்சார்ஜ் தாளையும் கடைசி ஸ்கேன் படத்தையும் போனில் வைத்திருங்கள், ஆசிரியருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், டாக்டரைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக ஈ.டி.வி. செய்த பிள்ளை என்று சொல்லுங்கள்.